புகைக்கூண்டுக்குள் போன பொன்மலர்

போனாள்தான். புகைக்கூண்டுக்குள் தலையைக் கொடுத்துத் தோள் வரைக்கும் ஏறினாள்தான். யார் இல்லை என்றது? அதற்காகப் பொன்மலரைத் திருடி என்று சொல்லிவிடுவதா? குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வாயைத் திறக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துத் திறக்கட்டும். திருடப் போகிறவள் பட்டப்பகலில் போவாளா? காவல்காரனிடம் தன் பேரும் அப்பன் பேரும் சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கேட்பாளா? கூடப் போன பக்கத்து வீட்டு மஹ்பூபியின் மூட்டையில் வெள்ளிக் குத்துவிளக்கு இருந்ததாம். வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களாவில் குத்துவிளக்கு எங்கிருந்து வந்தது? மூட்டையில் இருந்தது புளிச்சோறு. அதுவும் தின்று மீந்த புளிச்சோறு.

இந்தக் கதையை வேலூர்ச் சத்துவாச்சாரி முழுக்கப் பரப்பியவள் எதிர்வீட்டுத் தனபாக்கியம். முதல் நாள் குத்துவிளக்கு. மறுநாள் குத்துவிளக்கு போய்ப் புதையல் வந்தது. அதற்கும் மறுநாள், "புதையலாவது ஒண்ணாவது, அந்தப் பொண்ணு யாரையோ பாக்கத்தான் மலைக்குப் போய்ட்டு வந்துச்சு" என்று முடிந்தது. மூன்றையும் கேட்டுவந்து மஹ்பூபி மூச்சுவாங்கச் சொன்னபோது, பொன்மலர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எல்லா ஜன்னலையும் கழிச்சிட்டா அங்க சுவரே இல்லக்கா" என்றாள்.

அது அவளுடைய பேச்சு. சுவருக்குப் பூசவேண்டிய சுண்ணாம்பைக் கணக்கிடும்போது, ஜன்னல் இருக்கிற இடத்தைக் கழித்துவிட வேண்டும். ஓட்டைக்கு யாரும் பூச்சு பூசுவதில்லை அல்லவா? அந்த வழக்கம் வாயிலும் ஏறிவிட்டது. ஒருவர் நீட்டி முழக்கினால், "ஜன்னலக் கழிச்சிட்டுச் சொல்லு" என்பாள். பெரியவர் சின்னவர் பார்க்க மாட்டாள். சபைக்குப் புதிதாக வந்த போதகரிடம்கூட ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நல்லவேளை, அவருக்குப் புரியவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் மனதுக்குள் அந்த வீட்டைப் பிரித்துப் போட்டுவிடுவாள். ஓடு ஒரு பக்கம், உத்தரம் ஒரு பக்கம், செங்கல் ஒரு பக்கம். கல்யாண வீட்டில் மற்றப் பெண்கள் பெண்ணின் நகையைப் பார்க்கும்போது இவள் பந்தல்காலைப் பார்ப்பாள். ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்க, இவள் கண் மட்டும் கூரைவரை போய்வரும். தனபாக்கியத்தின் மாமனார் செத்த வீட்டில், பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சுவரை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறாள். அது தப்புத்தான். சாவு வீட்டில் சுவரைத் தட்டக் கூடாது. தனபாக்கியத்துக்கு அன்றைக்குப் பிடித்த கோபம் இது.

பொன்மலர் தாயில்லாத பெண். அப்பா ஞானமுத்து ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனிதர். மகளுக்கு எழுத்து அழகாக இருந்ததால், வேலூரில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் ஆபீஸில் படம் நகல் எடுக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். மெழுகுத் துணியைப் படத்தின் மேல் விரித்து மை பேனாவால் கோடு கோடாக இழுக்கிற வேலை. கோடு இழுக்கிறவள் கோட்டோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

காரணம் ஆம்பூர் ஹபீப் சாயபு. அவருடைய தோல் பதனிடும் ஷாப்பை அடுத்துப் புதிய ஷெட் ஒன்று எழுந்தது. சுவர் எழும்பியது, ஊறவைக்கிற தொட்டிகள் எழும்பின, கூரை போடுகிற நேரத்தில் கையில் இருந்த பணம் தீர்ந்துபோயிற்று. படத்தைத் திருத்தி வாங்கிவர ஆபீஸிலிருந்து பொன்மலரை அனுப்பினார்கள். அவள் போனது ஐப்பசி மழையில். கூரையில்லாத ஷெட்டுக்கு நடுவில், குடையைப் பிடித்துக்கொண்டு, நனைந்து நாறுகிற தோல் குவியலைப் பார்த்தபடி ஹபீப் சாயபு நின்றிருந்தார்.

"கூரை வரைக்கும் வராதுன்னு ஆரம்பத்துலயே உங்ககிட்ட யாரும் சொல்லலியா, சாயபு?"

"எவன் சொல்வான்மா? கட்றவன் கட்டுன்றான். படம் போடறவன் இன்னும் பெருசா கட்டுன்றான். வேணாம் சாப், கவுந்துடுவேன்னு சொல்றதுக்கு ஒருத்தனும் இல்ல. லண்டன்ல அதுக்குன்னே படிச்சவன் இருக்கான். நான் கண்ணால பாத்திருக்கேன்."

அந்தப் படிப்பின் பேர் குவான்டிட்டி சர்வே. கூடவே கட்டடப் பொருளாதாரம். படத்தைப் பார்த்தே, ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்னால், இந்தக் கட்டடம் எவ்வளவு மண்ணையும் மரத்தையும் ஆள் கூலியையும் விழுங்கும், கட்டுகிறவனை வாழவைக்குமா கவிழ்க்குமா என்று சொல்லிவிடும் படிப்பு. தெருப் பெண்கள் கேட்டால் பொன்மலர் இதையெல்லாம் சொல்ல மாட்டாள். "கட்டி முடிச்சிட்டு அழுவறதுக்குப் பதிலா, கட்றதுக்கு முன்னாடியே அழுதுடலாம். அதுக்குத்தான் இந்தப் படிப்பு, அக்கா" என்பாள். "அழுவறதுக்கு ஒரு படிப்பா!" என்று அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் விடவில்லை. சீமையில் ஒரு கல்லூரிக்கு எழுதிப்போட்டு, தபாலில் பாடம் வரவழைத்துவிட்டாள். பட்டப் படிப்பின் முதல் பாகத்தை இங்கிருந்தே படித்து, மெட்ராஸில் உட்கார்ந்து எழுதித் தேற வேண்டும். தேறினால் மீதியை அங்கே போய்ப் படிக்கலாம். இடம் வைத்திருப்பார்கள். முதல் தடவை தவறினால் இன்னொரு தடவை. அதிலும் தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

முதல் தடவை தவறினாள். ஏன் தவறினாள் என்று கேட்டால் வேலூர்க்காரி யாராக இருந்தாலும் அங்கேதான் தவறியிருப்பாள். பரீட்சையில் ஒரு வீட்டின் படம் கொடுத்து அளவெடுக்கச் சொன்னார்கள். படுக்கையறைச் சுவரில் ஓர் அடுப்பு. அதன் மேல் புகைக்கூண்டு. பொன்மலர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படுக்கிற அறையில் எவளாவது சோறு பொங்குவாளா? படம் போட்டவன் அறையின் பேரை மாற்றி எழுதிவிட்டான், இது சமையற்கட்டு என்று முடிவுகட்டினாள். அவன் விட்டுப்போனதையும் இவளே சேர்த்தாள். பாத்திரம் வைக்க ஒரு மேடை, அரிசி கழுவிய தண்ணீர் போக ஒரு சாலகம், கரிபடாத சிமெண்ட் பூச்சு. மனப்பூர்வமாகச் சேர்த்தாள். பிறகு தபால் பாடத்திலும் அதே மாதிரி ஒரு வீடு வர, அதே மாதிரி சேர்த்து அனுப்பினாள். அங்கிருந்த வாத்தியார் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: "உங்கள் ஊரில் கட்டிலில் படுத்துக்கொண்டா பாத்திரம் கழுவுகிறீர்கள்?"

அது குளிர்காய்கிற அடுப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. வேலூர் வெயிலில் பிறந்தவளுக்கு வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வார்கள் என்று எப்படித் தோன்றும்? மார்கழியில்கூட வியர்க்கிற ஊர் இது. தெரிந்த பிறகும் தீரவில்லை. புத்தகத்தில் அந்தப் புகைக்கூண்டு உள்ளே ஓரிடத்தில் சுருங்கி, பக்கவாட்டில் வளைந்து, பிறகு மேலே போனது. புகை நேராகத்தானே போகும், எதற்கு வளைவு? கண்ணால் பார்க்காமல் ஒன்றை நம்புகிற பெண் இல்லை அவள்.

ஏலகிரி மேல் ஒரு பழைய துரை பங்களா இருந்தது. ஓடு மாற்றிக் கொடுத்தது இவளுடைய கான்ட்ராக்டர்தான். அங்கே அப்படி ஓர் அடுப்பு இருக்கிறது, என் பேரைச் சொல்லிப் போய்ப் பார் என்றார். தனியாக அனுப்ப ஞானமுத்துவுக்கு மனமில்லை. பக்கத்து வீட்டு மஹ்பூபி, "நான் கூடப் போறேன் சார், பொண்ணு எனக்கும் பொண்ணுதானே" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக் கிளம்பினாள். காட்பாடியில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, மலையேறினார்கள். வழிநெடுக மஹ்பூபி, "அடுப்பு பாக்கவா இவ்ளோ தூரம்? என் வீட்டுலதான் ரெண்டு இருக்குதே. பேஜாரு புடிச்ச படிப்பும்மா உன்னுது" என்று புலம்பினாள். புலம்பிக்கொண்டேதான் நடந்தாள். திரும்பிப் போகலாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

காவல்காரன் சம்பத் கதவைத் திறந்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சுனைக்குப் போனான். பொன்மலர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புக்குள் குனிந்தாள். முதலில் கை. பிறகு தலை. பிறகு தோள். டேப்பின் ஒரு முனை அவளிடம், இன்னொரு முனை மஹ்பூபியிடம்.

"இருக்குதுக்கா! தொண்டை மாதிரி குறுகுது! அப்புறம் வளையுது, மெய்யாவே வளையுது!"

"வளையட்டும், நீ சீக்கிரம் வெளிய வா. எனக்கு மேல என்னமோ கொட்டுது."

கொட்டியது வெள்ளைக்காரன் விட்டுப்போன கரி முழுவதும். குடத்தோடு திரும்பிய சம்பத் பார்த்தது என்ன? சுவருக்குள்ளிருந்து கன்னங்கரேல் என்று ஓர் உருவம் கால்முதலாக வெளியே வருகிறது. பக்கத்தில் இன்னொரு கறுப்பு உருவம் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. அவன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான். "நில்லுப்பா, நாங்கதான்!" என்று இருவரும் மூட்டையோடு துரத்த, அவன் இன்னும் வேகமாக ஓடினான். கீழே ஜோலார்பேட்டை சந்தைவரைக்கும் ஓடியிருக்கிறான். சந்தையில் தனபாக்கியத்தின் நாத்தனார் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதை ஊர்வந்து சேர்ந்தது அப்படித்தான். இரண்டு பேரும் கரிமுகத்தோடு வீட்டுக்கு வருவதற்குள் கதை வந்து, குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டது.

ஞானமுத்து தெருவுக்குப் பயந்தவர். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் ஒரு மாதிரியாகப் பார்த்ததும் மனிதர் ஒடுங்கிப்போனார். சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"போதும்மா. இந்தப் பரீட்சை வேணாம்."

"அப்பா, இந்தத் தடவை எழுதலன்னா அவ்ளோதான். இடம் போய்டும்."

"போனா போவட்டும். தாயில்லாத பொண்ண வளத்தவன் லட்சணத்தப் பாருன்னு என் காதுபடச் சொல்றாங்க. தெரு வாய் அடங்கற வரைக்கும் நீ மெட்ராஸ் பக்கம் போவக் கூடாது."

தெரு வாய் அடங்குவது எப்போது, கடல் அடங்குவது எப்போது? பரீட்சைக்கோ நாள் நெருங்கிவிட்டது. வேறு பெண்ணாக இருந்தால் படுத்து அழுதிருப்பாள். பொன்மலர் வாசல் முற்றத்துக்குப் போனாள். பக்கத்து மனையில் வீடு கட்டி மீந்த உடைசல் செங்கலைக் கேட்டு வாங்கினாள். மண் குழைத்தாள். மலையில் பார்த்த அடுப்பை, சுருங்குகிற தொண்டையும் வளைவுமாக, தலையுயரத்துக்குத் தன் கையாலேயே எழுப்பத் தொடங்கினாள். உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று கை அறிந்தால்தான் பரீட்சையில் அளவு வரும் என்றாள். அப்பா போகக் கூடாது என்றாரே தவிரப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை அல்லவா?

சித்திரை வெயிலில் குளிர்காய்கிற அடுப்பு! தெருவே மதில்மேல் முகவாயை வைத்துப் பார்த்தது. "வேலூர்ல குளிரு ஜாஸ்தி ஆய்ட்சு போல, கம்பளி இருந்தா எனக்கும் குடும்மா" என்றாள் தனபாக்கியம். கட்டி முடித்து மூட்டிய முதல் நாள், புகை மேலே போகவில்லை. நேராகத் தனபாக்கியத்தின் வீட்டுக்குள் போயிற்று. உள்ளே காயப்போட்டிருந்த துணியெல்லாம் கரி. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் பாலாறு வரைக்கும் கேட்டிருக்கும். பொன்மலர் அந்தத் துணியை எல்லாம் வாங்கிவந்து துவைத்துக் கொடுத்தாள். பிறகு அடுப்பை இடித்துப்போட்டு, மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். தொண்டையை அகலமாக வைத்துவிட்டேன், இன்னும் குறுகவேண்டும் என்று மஹ்பூபியிடம் சொன்னாள். மஹ்பூபி மண்ணை மிதித்துக்கொண்டே, "குறுக்கு, நல்லா குறுக்கு, அவ தொண்டையையும் சேத்துக் குறுக்கு" என்றாள்.

இரண்டாம் தடவை நெருப்பு வைத்ததும் புகை கொஞ்சம் தயங்கியது. ஒரு தடவை சுற்றிப் பார்த்தது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி உள்ளே போய், வளைந்து, உச்சியில் ஒரே நூலாக வெளியே வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த இருவர் கண்ணிலும் ஒரு பொட்டுப் புகை இல்லை. மதில்மேல் இருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையிலிருந்து அடுப்பு ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தனபாக்கியம் அந்தப் புகை நூலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இத மாதிரி என் சமையக்கட்டுல வெச்சா, புகை இப்டியே மேல போவுமா?"

"போவும்."

"மேல சட்டி வெக்க முடியுமா?"

"வெக்கற மாதிரி கட்லாம்."

"அப்ப எனக்கு ஒண்ணு வெச்சுக் குடேன்."

"பரீட்சை இருக்குதே, அத்தை. அது முடிஞ்சு வந்துதான்."

"அப்ப சீக்கிரம் போய் முடிச்சிட்டு வாயேன்! இங்க குந்திக்கினு இன்னா பண்ற?"

வீட்டுக்குள் ஞானமுத்து பேப்பரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. தனபாக்கியம் ரகசியம் பேசினாலே நாலு வீடு கேட்கும். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டு, தலையைத் தூக்காமல், "மெட்ராஸுக்குக் காலை ரயில் நல்லதா, சாயங்கால ரயில் நல்லதா?" என்று கேட்டார். பொன்மலர் அவர் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள்.

பரீட்சையில் அடுப்பு வந்ததா என்றால், வரவே இல்லை. புகைக்கூண்டும் இல்லை. மண்ணுக்குக் கீழே ஓர் அறை, அதில் நிலக்கரி கொட்டி வைக்கிற இடம், அதற்குத் தெருவிலிருந்து ஒரு துவாரம் என்று வந்திருந்தது. போன வருஷத்துப் பொன்மலராக இருந்தால், கரிக்கு எதற்குத் தனி அறை, தெருவில் ஓட்டை வைத்தால் மாடு காலை விடாதா என்று நினைத்துத் துவாரத்தை அடைத்துவிட்டு, அறையை நெல் கொட்டுகிற குதிர் ஆக்கியிருப்பாள். இந்த வருஷத்துப் பொன்மலர் வளைந்த புகைக்கூண்டுக்குள் தோளை விட்டுப் பார்த்தவள். படம் சொன்னால் அங்கே இருக்கும், இருப்பதற்கு ஒரு காரணமும் இருக்கும் என்று இருந்தாள். மண்ணைத் தோண்டி, தோண்டிய மண்ணை அப்புறப்படுத்தி, சுவர் எழுப்பி, ஈரம் ஏறாமல் தார் பூசி, துவாரத்துக்கு இரும்பு மூடியும் போட்டுவிட்டுத்தான் பேனாவை மூடினாள். ஆடி மாதத்தில் தேறிய சேதி வந்தது. மெட்ராஸில் எழுதியவர்களில் அந்தத் தாளில் முதலாவதாக வந்திருக்கிறாள். ஞானமுத்து ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மஹ்பூபி தெரு முழுக்கச் சேமியா பாயசம் கொடுத்தாள். தனபாக்கியம் இரண்டாவது தடவையும் கிண்ணத்தை நீட்டினாள்.

சொன்ன வாக்குப்படி, கப்பல் ஏறுவதற்கு முன்னால் தனபாக்கியத்தின் சமையற்கட்டில் அடுப்பு எழும்பியது. பிறகு இன்னொரு வீட்டில், அப்புறம் இன்னொன்றில். சத்துவாச்சாரியில் எந்தெந்தக் கூரைமேல் புகை நூலாகப் போகிறது என்று பார்த்தாலே பொன்மலர் எங்கே எல்லாம் நுழைந்தாள் என்று தெரிந்துவிடும். அவளைப் பற்றி எதிர்வீட்டில் இப்போது பேசுகிற பேச்சே வேறு. "எங்க தெருப் பொண்ணு, நான்தான் போடி போய் எழுதுடின்னு தள்ளி அனுப்பிச்சேன்" என்கிறாள் தனபாக்கியம். அதுவும் பொய் இல்லைதான்.

ஹபீப் சாயபு கப்பல் செலவை ஏற்றுக்கொண்டார். "திரும்பி வந்து, என் அடுத்த ஷெட்டுக்கு முன்னாடியே என்னை அழவைம்மா, போதும்" என்றார். லண்டனுக்குத் தோல் விற்கப் போனபோது வாங்கிய கம்பளிக் கோட்டு ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆண்பிள்ளைக் கோட்டு. தோளில் தொங்கியது, முழங்காலைத் தொட்டது. டிரங்குப் பெட்டியில் எப்படி மடித்தாலும் மூடி மூடவில்லை. கிளம்புகிற அன்றைக்குப் பகல் வெயிலில், புடவைக்குமேல் அதைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் வியர்வை வழிய நடுவீட்டில் நின்றாள் பொன்மலர். போதகர் ஜெபம் பண்ணினார். ஞானமுத்து ஆமென் என்றார். வாசலில் குதிரைவண்டி நின்றது. தெரு முழுக்க ஜனம்.

அப்போது மஹ்பூபி பச்சைத் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். தூரதேசம் போகிறவர்களின் கையில், துணியில் ஒரு காசை முடிந்து கட்டி அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். இமாம் ஜாமீன் என்பார்கள். போகிற இடத்தில் காப்பாற்றி, திரும்பக் கொண்டுவந்து சேர்க்குமாம். போதகர் நிற்கிறாரே என்று மஹ்பூபிக்குத் தயக்கம். கோட்டுக் கையைச் சுருட்டி மேலே தள்ளிவிட்டு, புஜத்தில் அவசரமாக முடிச்சுப் போட்டாள். கோட்டை இறக்கி மறைத்தாள். "உள்ள இருக்கட்டும் கண்ணு. யாருக்கும் தெரியத் தேவையில்ல."

ஞானமுத்துவும் போதகரைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, உள்ளயே இருக்கட்டும்" என்றார்.

பொன்மலர் ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றாள். கோட்டைக் கழற்றினாள். காசு முடிந்ததை அவிழ்க்காமல், கட்டை மட்டும் தளர்த்தி, பச்சைத் துணியை மணிக்கட்டு வழியாக உருவி எடுத்தாள். மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அந்தக் கறுப்புக் கம்பளிக் கைக்கு மேலே துணியை ஏற்றி, புஜத்தில் நிற்கும்படி இழுத்து இறுக்கினாள். பிறகு அந்தக் கையாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே நடந்தாள்.